குறைந்தபட்சம்

ஜூலை மாதம். டண்டினோங்கில் ஐந்தரைக்கே இருட்டு.
ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு
கம்பளிக் காலுறையோடு மேசையில் இருக்கிறேன்.
முன்னால் நாலு கடித உறை,
ஒன்றில் சிவப்பு எழுத்து.

சிவப்பு எழுத்துக்கு எனக்குப் பயமில்லை.
அது படலையில் நின்று
ஊருக்குக் கேட்கத் திட்டிவிட்டுப் போகிற கடன்காரன்.
பயமெல்லாம்
கிரெடிட் காட் காகிதத்தின் வலது மூலையில்
நல்ல பிள்ளைபோல் குந்தியிருக்கும்
அந்தச் சின்ன எண்ணுக்குத்தான்:
குறைந்தபட்சம் கட்டவேண்டியது
அறுபத்தாறு டொலர்.

எவ்வளவு மரியாதை!
அவசரமில்லை அக்கா,
ஏலுமானதைத் தாங்கோ,
மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று
பதினாலு மாதம் பார்த்துக்கொண்டது.

இன்றைக்குத்தான்
முதல் காகிதத்தையும் கடைசிக் காகிதத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
தொள்ளாயிரத்து இருபத்துநாலு டொலர் கட்டி
நூற்றைம்பதைக் கழித்திருக்கிறோம்.

எதற்குப் பட்ட கடன்?
பிரிட்ஜ் ஒன்று. காருக்கு நாலு டயர்.
மிதுசாவின் பல்லுக் கம்பி.
மிச்சம் எங்கே போனதென்று
ஜெயரூபனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தெரியாது என்று இரண்டுபேரும்
ஒரே நேரத்தில் சொன்னோம்.
கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில்
அபூர்வமான ஒற்றுமை.

வனிதாக்காவின் சீட்டில் சேருவம் என்றார்.
கழிவு கூறி முதல் மாதமே எடுத்தால்
காட்டை ஒரேயடியாய் அடைக்கலாம்.
ஒரு கிடங்கை மூட
இன்னொரு கிடங்கு வெட்டி மண் எடுக்கிற வேலை.
சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன்.
தேத்தண்ணியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரக் கொம்பனிக்கு எடுத்தேன்.
இருபத்திரண்டு நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெண்பிள்ளை:
இரண்டு கிழமைக்கொருக்கால்
உங்களால் எவ்வளவு முடியும்?

குளிக்கும்போது ஒத்திகை பார்த்தது அறுபது.
வாயில் வந்தது முப்பத்தைந்து.
சரி என்றாள்.
நம்பாமல் திரும்பக் கேட்டேன்.
திரும்பவும் சரி என்றாள்.
இவ்வளவு காலமும்
எவ்வளவு தரவேண்டும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்,
எவ்வளவு முடியும் என்று
நான்கூட என்னைக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடக் கலண்டரில் ஜூன் மாதத்தைக் கிழித்து
பின்பக்கத்தில் கோடு போட்டேன்.
வாடகை. காஸ். தண்ணி.
காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன்: வருடத்தில் ஒருநாள் வந்து
வீட்டைப் புரட்டிப்போடும் விருந்தாளி.
அவனுக்கு இனிக் கிழமைக்குப் பதினேழு டொலர்
முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேணும்.
கடைசிக் கோட்டில்
கொண்டாட்டம் என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன்.

சனிக்கிழமை செல்வரஞ்சியின் மகளுக்குச் சாமத்தியவீடு,
ஸ்பிரிங்வேல் மண்டபத்தில்.

நூறுக்குக் குறைஞ்சால் எப்பிடி?
அவை எங்களுக்கு நூறு தந்தவை.

அப்ப அதுவும் கடனோ?

ஜெயரூபன் பதில் சொல்லவில்லை.
மிதுசா அறைக்குள்ளிருந்து
அப்பா, ஆமோ இல்லையோ சொல்லுங்கோ என்றாள்.
சிரிப்பு வந்தது, எங்கள் மூன்றுபேருக்கும்,
கொஞ்சம் பிந்தி.

ஐம்பது வைத்தோம்.
பெயரை முழுசாய் எழுதினேன்,
ஒரு எழுத்தும் சுருக்காமல்.

மண்டபத்தில் மேளம், புகை, நாலுவிதச் சோறு.
உண்டியலுக்குப் பக்கத்தில் நின்ற பொடியன்
உறையைப் பார்க்கவேயில்லை,
போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இரவு பத்து மணிக்குப் பிறகு
யாரோ கொப்பியைத் திறந்து
எங்கள் பெயருக்கு நேரே ஐம்பது என்று எழுதியிருப்பார்கள்.
எழுதட்டும்.
என்னிடமும் ஒரு தாள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து
ஹீற்றரை ஒரு மணித்தியாலம் போட்டோம்.
மூன்றுபேரும் அதற்கு முன்னால்
சாறியோடும் சேட்டோடும் கீழே இருந்தோம்.
ஐம்பத்தெட்டாவது நிமிடம்
ஜெயரூபன் எழும்பி நிற்பாட்டினார்.

நான் சொல்லவில்லை.